முதல் மெக்கானிக்கல் வாட்ச்: எளிமையா, வேலைப்பாடா?

பேட்டரி இல்லாமல் சுருள்வில்லின் விசையில் ஓடும் வாட்ச் வாங்குவதென்றால், பிராண்டுக்கு முன்னால் உங்கள் ரசனை தெளிவாக வேண்டும். அதற்கான வழி இது.

1. மணிக்கட்டை நூலால் சுற்றி ஸ்கேலில் அளந்து பாருங்கள். 16 செ.மீ. என்றால் 34 முதல் 38 மி.மீ. விட்டமுள்ள கேஸ் (வாட்சின் உலோகக் கூடு) பொருந்தும். அதைவிட முக்கியம், மேல் லக்கின் (வார் மாட்டும் காது) நுனியிலிருந்து கீழ் லக்கின் நுனி வரையிலான நீளம். மணிக்கட்டின் தட்டையான பகுதியைத் தாண்டினால் வாட்ச் தூக்கிக்கொண்டு நிற்கும்.

2. எளிய வாட்சில் தொடங்குங்கள். எச்எம்டி ஜனதா நல்ல பாடம்: சாவி கொடுக்கும் வகை, 17 கல் (உள்ளே சக்கர அச்சுகள் தேயாமல் தாங்கும் கற்கள்), மெல்லிய முள், வெறும் டயல். டயலில் பொருள் குறையக் குறையப் பிழைக்கு ஒளிய இடமில்லை. லென்ஸ் வைத்துப் பாருங்கள். நிமிட முள்ளின் நுனி நிமிடக் கோட்டைத் தொட வேண்டும். சரியாக 6 மணிக்கு இரு முள்ளும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும்.

எச்எம்டி வாட்ச் தொழிற்சாலை 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் தொடங்கியது. உற்பத்தி நின்றுவிட்டதால் இன்று பெரும்பாலும் பழையதுதான் கிடைக்கும். பளிச்சென்ற நிறத்தில் டயல் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் மறுபூச்சு என்று சந்தேகப்படுங்கள். எழுத்தின் ஓரத்தில் மசி பரவியிருக்கும், நிமிடக் கோடும் மணியைக் குறிக்கும் பட்டையும் ஒட்டாமல் விலகியிருக்கும். பிடித்தால் வாங்கலாம், ஆனால் அசலின் விலையைக் கொடுக்காதீர்கள்.

3. எளிமை சலித்தால் வேலைப்பாட்டுக்குப் போங்கள். நீல முள்ளில் இரண்டு வகை. எஃகை ஏறக்குறைய 300 டிகிரி சூட்டில் பதப்படுத்திய முள், சாய்த்துப் பார்த்தால் ஒரு கோணத்தில் கறுப்பாகத் தெரிந்து, ஒளி விழுந்ததும் நீலமாக மின்னும். பெயின்ட் அடித்தது எந்தக் கோணத்திலும் ஒரே நீலம். உள்சக்கரங்கள் தெரியும் ஸ்கெலிட்டன் வகையைக் கை நீட்டிப் பிடித்து, ஒரே பார்வையில் மணி சொல்ல முடிகிறதா பாருங்கள். முள் சக்கரங்களுக்குள் தொலைந்து போனால் சீக்கிரம் அலுத்துவிடும். எங்கள் கருத்தில் அலங்காரம் டயலில் இருக்கட்டும், இல்லையேல் பின்மூடியில் இருக்கட்டும், இரண்டிலும் வேண்டாம்.

4. வாங்குமுன் சாவி கொடுத்துப் பாருங்கள். 25 முதல் 30 சுற்றில் இறுகும், அங்கே நிறுத்திவிடுங்கள். போன் நேரத்தோடு சேர்த்து வைத்து 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். பழைய வாட்சில் அரை நிமிடம் முன்பின் இருந்தால் பரவாயில்லை. திடீரென்று பல நிமிடம் வேகமாக ஓடினால், ஸ்பீக்கர் போன்றவற்றின் காந்தம் ஏறி ஹேர்ஸ்பிரிங் (ஓட்டத்தின் வேகத்தைச் சீராக வைக்கும் மெல்லிய சுருள்) சுற்றுகள் ஒட்டியிருக்கலாம். காந்தம் நீக்கும் கருவியில் ஒரு நிமிட வேலை. தேதி உள்ள வாட்சில் இரவு 9 முதல் 3 வரை தேதியைத் திருகாதீர்கள். அப்போது பல்சக்கரம் தேதித் தட்டில் பிடித்திருக்கும், பல் உடையும்.

5. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதையும் பாருங்கள். குளச்சல், முட்டம் உப்புக்காற்றில் பித்தளைக்கு மேல் குரோம் பூசிய கேஸ் லக்கின் ஓரத்தில் முதலில் உரியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேஸ் தேடுங்கள். தண்ணீர் தாங்கும் அளவு 30 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் அது தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும்தான், கடலுக்கு ஆகாது. வேர்வைக்குத் தோல் வார் நாறும். நைலான் வார் துவைத்து மாட்டலாம். இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. கண்ணாடிக்குள் பனி படர்ந்தால் வெயிலில் காயவைக்காமல், அன்றே நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கைப்பழக்கமுள்ள ஒருவரிடம் பின்மூடியைத் திறக்கக் கொடுங்கள். நாளாக நாளாகச் சாவித் தண்டு துருப்பிடிக்கும்.