பார்வால்புமின் ஆன்டிபாடியை நம்புவதற்கு முன்

மீன் அலர்ஜிக்குப் பெரும்பாலும் காரணமான பார்வால்புமின், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சின்னப் புரதம். எடை சுமார் 12 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). பாலக்காட்டுச் சித்தூரில் உள்ள எங்கள் லேபுக்கு எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் பார்க்கச் சொல்வது, ஆன்டிபாடி (பார்வால்புமினைத் தேடிப் பிடிக்கும் புரதம்) எந்த உயிரினத்தின் பார்வால்புமினை வைத்து உண்டாக்கியது என்பதைத்தான். எலியின் பார்வால்புமின் ஆல்ஃபா வகை, மத்தி, அயிலை (கானாங்கெளுத்தி) மீன்களில் இருப்பது பீட்டா வகை. எலிக்கென்று செய்த ஆன்டிபாடி மீனைக் கண்டுகொள்ளாமலே போகலாம். டேட்டா ஷீட்டில் மீனோ தவளையோ இருந்தால்தான் ஆர்டர் போடுங்கள்.

ஆன்டிபாடி பார்சலை வாசலில் கிடக்க விடாதீர்கள், பாலக்காட்டு ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடும். சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து, மைனஸ் 20-இல் வையுங்கள். தானே பனி உருக்கும் ஃப்ரீசர் வேண்டாம்.

இனி மீன். அயிலையைத் தோலுரித்தால் நடுக்கோட்டை ஒட்டிக் கருஞ்சிவப்புத் தசை ஓடும், மற்றதெல்லாம் வெளிர் நிறம். பார்வால்புமின் வெளிர் தசையில் நிறைய, கருந்தசையில் கொஞ்சம். இரண்டையும் தனித்தனியாக வெட்டியெடுங்கள். ஒரே மீனில் இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. கூடவே இறாலும் வேண்டும். அதன் முக்கிய அலர்ஜிப் புரதம் ட்ரோபோமயோசின், சுமார் 36 கிலோடால்டன். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் சோதனை) அந்த எடையில் பட்டை விழுந்தால் ஆன்டிபாடி கண்டதையும் பிடிக்கிறது என்று அர்த்தம்.

ட்ரிஸ் பஃபரில் அரைத்து, பத்து நிமிடம் கொதிநீரில் வைத்து, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள். மற்ற புரதம் பெரும்பாலும் திரிந்து அடியில் தங்கும், பார்வால்புமின் மேல்தெளிவில் நிற்கும். ட்ரோபோமயோசினும் சூடு தாங்கும், அதனால் ஒப்பீடு நியாயமாகவே இருக்கும்.

வெஸ்டர்னுக்குப் போகும் முன் ஒரு டாட் பிளாட், அதாவது சாற்றை நேரடியாகச் சொட்டுவிட்டு ஆன்டிபாடியால் தேடும் சோதனை. மெம்பிரேனில் (புரதம் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய தாள்) இரண்டு பட்டிகள், இரண்டிலும் அதே சாற்றில் ஒரு சொட்டு. ஒன்றின் ஆன்டிபாடிக் கரைசலில் 1 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, மற்றதில் 5 மில்லிமோலார் ஈஜிடிஏ (கால்சியத்தைக் கவ்வி விலக்கும் வேதிப்பொருள்). ஈஜிடிஏ பட்டி மங்கினால் உங்கள் ஆன்டிபாடி கால்சியம் ஏறிய வடிவத்தைத்தான் அடையாளம் காண்கிறது. அப்படியானால் கழுவும் பஃபர் வரை எதிலும், இதேபோல் கால்சியத்தைக் கவ்வும் ஈடிடிஏ வரக்கூடாது. பாஸ்பேட் பஃபரும் வேண்டாம், கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடும். பால்பொடி பிளாக்கிங்கையும் (மெம்பிரேனின் காலியிடங்களைப் புரதத்தால் மூடுவது) நான் விட்டுவிட்டேன், பாலின் கேசீன் கால்சியத்தைக் கவ்வும். மாட்டு சீரம் ஆல்புமினான பிஎஸ்ஏ போதும், விலைதான் கொஞ்சம் உறுத்தும்.

வெஸ்டர்னில் 15 சதவீத ஜெல். நீலச் சாயம் அடியைத் தாண்டுமுன் நிறுத்துங்கள், இல்லையென்றால் புரதமும் அதோடு போய்விடும். 0.2 மைக்ரான் துளையுள்ள பிவிடிஎஃப் மெம்பிரேன் எடுங்கள். பின்னால் இன்னொரு மெம்பிரேன் வைத்தால், புரதம் துளைத்துப் போனதா என்று தெரியும். முதல் ஆன்டிபாடியை ஆயிரத்தில் ஒன்றாகக் கரைத்து ஆரம்பிக்கலாம். செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடி) மட்டும் போட்ட ஒரு பட்டியும் கட்டாயம். ஹெச்ஆர்பி என்ற சிக்னல் தரும் என்சைம் ஒட்டிய செகண்டரியில், கெடாமல் காக்கப் போடும் அஸைடு சேர்க்காதீர்கள், என்சைம் முடங்கிவிடும்.