யானை விலை, குதிரை விலை: ஏலத்தில் வாங்கிய குட்டி பந்தயத்தில் ஜெயிக்குமா என்று கணிப்பது எப்படி?

2006 பிப்ரவரி. ஃபுளோரிடாவில் ஏலத்துக்கு முந்தைய ஓட்டத்தில் இரண்டு வயதுக் குட்டி ஒன்று ஒரு ஃபர்லாங் தூரத்தை, அதாவது சுமார் 201 மீட்டரை, 9.8 வினாடியில் கடந்தது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஏலம் 1.6 கோடி டாலரில் போய் நின்றது. தி கிரீன் மங்கி என்ற அந்தக் குதிரை ஓடியது மூன்றே பந்தயங்கள். ஒன்றில்கூட ஜெயிக்கவில்லை. சம்பாதித்தது 10,440 டாலர்.

1975இல் 17,500 டாலருக்குப் போன ஒரு வயதுக் குட்டி சியாட்டில் ஸ்லூ. 1977இல் தோல்வியே காணாமல் அமெரிக்காவின் டிரிபிள் கிரவுனை, அதாவது மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே வருடத்தில், வென்றது.

இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, "விலைக்கும் ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை" என்று முடிப்பவர்கள் உண்டு. அது தப்பு. மொத்தமாக எடுத்துப் பார்த்தால் விலை கூடிய குட்டிகள் நன்றாகத்தான் ஓடுகின்றன. விலை என்பதே ஒரு கணிப்பு. பல வருட அனுபவம் உள்ளவர்கள் சொந்தப் பணத்தை வைத்துச் சொன்ன கணிப்பு. ஆகவே நம் கேள்வி "எந்தக் குட்டி ஜெயிக்கும்?" என்பதல்ல. விலைக்குத் தெரியாத எதாவது நமக்குத் தெரிகிறதா என்பதுதான். கீழே சொல்வது முழுக்க அதற்காகத்தான். ஸ்ப்ரெட்ஷீட் திறக்கத் தெரிந்தால் போதும்.

படி 1: "வெற்றி" என்றால் என்ன என்று முதலில் எழுதிவையுங்கள்

பரிசுப் பணத்தை அளவுகோலாக வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் ஒரு பெரிய பந்தயத்தில் ஜெயித்த ஒரே குதிரை மொத்தச் சராசரியையும் தூக்கிவிடும். தரவரிசைப் பெற்ற பெரிய பந்தயங்களில் வெற்றி என்று வைத்தால் வேறு சிக்கல். அதை எட்டுபவை நூற்றில் சில மட்டுமே. நூறில் நான்கு என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் குட்டிக்கும் "ஜெயிக்காது" என்று எழுதினாலே 96 சதவீதம் சரியாக வந்துவிடும். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை.

முதல் முயற்சிக்கு என் பரிந்துரை: "மூன்று வயது முடிவதற்குள் ஒரு பந்தயமாவது ஜெயித்ததா?" ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0.

ஓடவே ஓடாத குட்டிக்கும் 0தான். அதைப் பட்டியலிலிருந்து நீக்காதீர்கள். 1983இல் 1.02 கோடி டாலருக்குப் போன ஸ்னாஃபி டான்சர் ஒரு பந்தயத்திலும் ஓடியதில்லை. ஓடாததை எல்லாம் நீக்கிவிட்டால் அந்த 1.02 கோடி உங்கள் கணக்கில் நஷ்டமாகவே தெரியாது.

படி 2: அடுத்தடுத்த நான்கு வருடத்துப் பழைய ஏலங்களை எடுங்கள்

முடிவு தெரிந்த ஏலங்களாக இருக்க வேண்டும். ஸ்ப்ரெட்ஷீட்டில் குட்டிக்கு ஒரு வரிசை. விலை போகாமல் திரும்பியவையும் அதில் இருக்கட்டும். நார்தர்ன் டான்சர் என்ற குட்டிக்குச் சொந்தக்காரர் கேட்ட 25,000 டாலரைக் கொடுக்க ஆளில்லை. அதே குதிரை 1964இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயமான கென்டக்கி டெர்பியை வென்றது.

படி 3: கேட்லாக்கிலிருந்து (ஏலத்துக்கு வரும் குட்டிகளின் விவரப் புத்தகம்) கட்டங்களை நிரப்புங்கள்

பிறந்த தேதியில் தொடங்குங்கள். வட கோளத்தில் எல்லாத் தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) குதிரைக்கும் ஜனவரி 1தான் அதிகாரப்பூர்வப் பிறந்தநாள் (ஆஸ்திரேலியாவில் ஆகஸ்ட் 1). செப்டம்பர் ஏலத்தில் நிற்கும் இரண்டு "ஒரு வயது" குட்டிகளில் ஜனவரியில் பிறந்ததற்கு 20 மாதம், மே மாதத்துக் குட்டிக்கு 16 மாதம். பக்கத்தில் நிறுத்தினால் சின்னது நோஞ்சானாகத்தான் தெரியும். நார்தர்ன் டான்சர் பிறந்தது மே 27. தேதியை மாதக் கணக்காக மாற்றி ஒரு கட்டத்தில் போடுங்கள். விலை சறுக்கும் இடங்களில் இதுவும் ஒன்றா என்று பிறகு சோதிக்கலாம்.

அடுத்தது தகப்பன். ஜெயித்த பிள்ளைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். பேர்போன பொலிகுதிரைக்கு வருடத்துக்கு நூற்றுக்கும் மேல் பிள்ளைகள். பிறந்தவற்றில் எத்தனை பங்கு ஜெயித்தன என்ற விகிதம்தான் வேண்டும். முதல் வருடத்துப் பிள்ளைகளை மட்டுமே விற்கும் புதுப் பொலிகுதிரைக்கு அந்த விகிதமே இருக்காது. அதற்குத் தனிக் கட்டம் வையுங்கள். அங்கே விலை ஓடுவது வெறும் நம்பிக்கையில்.

பிறகு தாய். இந்தத் தொழிலில் உடன்பிறப்பு என்றால் தாய்வழிதான். தகப்பன் மட்டும் ஒன்று என்றால் யாரும் அண்ணன் தம்பி என்று சொல்வதில்லை. தாய் தானே ஓடி ஜெயித்ததா, இதற்கு முன் எத்தனை குட்டி போட்டது, அவற்றில் எத்தனை ஜெயித்தன என்று மூன்று கட்டங்கள். கேட்லாக்கில் தடித்த எழுத்தில் பெயர் இருந்தால் பெரிய பந்தயத்தில் ஜெயித்தது அல்லது இடம் பிடித்தது என்று பொருள். ஆனால் அந்தத் தடித்த எழுத்து எந்தத் தலைமுறையில் இருக்கிறது என்று பாருங்கள். பாட்டியின் தங்கை வழிப் புகழ் பக்கத்தை நிரப்பும், குட்டியை ஓடவைக்காது. சியாட்டில் ஸ்லூவின் தாய்வழித் தம்பி சியாட்டில் டான்சர் 1985இல் 1.31 கோடி டாலருக்குப் போனது. மோசமில்லை, அயர்லாந்தில் குரூப் பந்தயங்களில் (தரவரிசை பெற்ற பெரிய பந்தயங்கள்) ஜெயித்தது. அண்ணன் மாதிரி ஆகவில்லை.

மரபணுச் சோதனை பற்றி ஒரு வரி. 2010இல் வெளிவந்த ஆய்வுகள் மயோஸ்டாட்டின் மரபணுவை ஓடும் தூரத்தோடு இணைத்தன. குறுந்தூரமா நெடுந்தூரமா என்று அது சொல்லும், தரத்தைச் சொல்லாது.

படி 4: நடையைப் பாருங்கள்

நேரில் முடியாவிட்டால் ஏல நிறுவனங்கள் போடும் நடை வீடியோ போதும். முன்னாலிருந்து பார்க்கும்போது முன்னங்கால்கள் நேராக வருகின்றனவா, குளம்பு உள்ளே வெளியே வீசுகிறதா? பக்கத்திலிருந்து பார்க்கும்போது முன்குளம்பு பதிந்த இடத்தைப் பின்குளம்பு தாண்டிப் பதிகிறதா? முன்முட்டி பின்பக்கமாக வளைந்திருக்கிறதா? இந்த மூன்றுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். விலையை மறைத்துவிட்டுப் போடுங்கள். பத்து லட்சம் டாலர் என்று தெரிந்த பிறகு கோணல் காலும் நேராகத் தெரியும், எனக்குத் தெரிந்திருக்கிறது.

எக்ஸ்ரேயும் தொண்டைக்குள் விடும் கேமராச் சோதனையும் கால்நடை மருத்துவர் வேலை. அறிக்கை கிடைத்தால் ஒரு கட்டம், கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

படி 5: நாளைய செய்தி நேற்றைய கணக்கில் நுழையாமல் பாருங்கள்

எல்லோரும் விழும் குழி இது. நானும் விழுந்தேன். என் முதல் அட்டவணை அபாரமாக வேலை செய்தது. பத்துக்கு எட்டு சரி! ஒரு இரவு முழுக்கச் சந்தோஷம். மறுநாள் ஒரு வரிசையைக் கையால் சரிபார்த்தேன். "தாய்க்குப் பிறந்தவற்றில் ஜெயித்தவை: 3" என்று இருந்தது. அந்த மூன்றில் ஒன்று நான் கணிக்க வேண்டிய அதே குட்டி. இன்னொன்று ஏலத்துக்கு இரண்டு வருடம் கழித்து ஜெயித்த தங்கை. ஏல நாளன்று உண்மையான எண் 1.

தாயின் பக்கத்தை இன்று இணையத்தில் திறந்தால் இன்றுவரையிலான வரலாறு வரும். நமக்கு வேண்டியது ஏலத்தன்று அச்சான கேட்லாக்கில் இருந்தது மட்டும். தகப்பன் விகிதத்துக்கும் இதே கதைதான். சந்தேகம் இருந்தால் அந்தக் கட்டத்தையே அழித்துவிடுங்கள்.

படி 6: விலையோடு மோதவிடுங்கள்

கட்டங்களுக்கு எடை கொடுத்து ஒரு மதிப்பெண் ஆக்குங்கள். லாஜிஸ்டிக் ரிக்ரஷன் என்ற புள்ளியியல் முறை தெரிந்தால் எடையை அதுவே கண்டுபிடிக்கும். தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் சம எடை. முதல் மூன்று வருட ஏலங்களில் எடையைத் தீர்மானித்து, நான்காவது வருட ஏலத்தில் சோதியுங்கள். எல்லா வருடத்தையும் கலந்து குலுக்காதீர்கள்.

இப்போது குட்டிகளை விலைவாரியாகக் குழுக்களாகப் பிரியுங்கள். ஒரே விலைக் குழுவில் 60 குட்டிகள் என்றால், உங்கள் மதிப்பெண்ணில் மேலே வந்த 20இல் எத்தனை ஜெயித்தன, கீழே நின்ற 20இல் எத்தனை? 13க்கு 12 என்றால் நீங்கள் கண்டுபிடித்தது ஏற்கெனவே விலையில் இருக்கிறது. 14க்கு 8 என்றால் ஏதோ இருக்கலாம். அடுத்த வருட ஏலத்திலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

குழுவுக்குள் ஒப்பிடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விலை கூடிய குட்டி நல்ல டிரெயினரிடம் போகும், நல்ல ஜாக்கி கிடைக்கும், பொறுமையாக வளர்ப்பார்கள். விலையே வெற்றியைக் கொஞ்சம் உண்டாக்குகிறது. அந்தப் பங்கை உங்கள் கணிப்பின் சாமர்த்தியம் என்று எண்ணிவிடாமலிருக்க இதுதான் வழி.

படி 7: நடக்கப்போகும் ஏலத்துக்கு எழுதுங்கள்

ஏலத்துக்கு முந்தைய நாள் இருபது குட்டிகளுக்கு உங்கள் கணிப்பை எழுதித் தேதி போட்டு, ஒரு நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ஏலம் முடிந்ததும் விலையை மட்டும் சேருங்கள். அதில் வேறு எதையும் திருத்தக் கூடாது. அந்தக் குட்டிகள் மூன்று வயதை முடிக்க இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும்.