ஆரோனியன் – ஆனந்த், 2013: மெரான் ஓப்பனிங்கைப் பலகையில் வைத்துப் படிப்போம்

2013 ஜனவரி, நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீயில் டாடா ஸ்டீல் செஸ் போட்டி. வெள்ளை லெவோன் ஆரோனியன், கறுப்பு விஸ்வநாதன் ஆனந்த். 23 நகர்த்தலில் கறுப்பு வென்றது.

படி 1: மரப் பலகையை எடுங்கள். லிச்செஸ் என்ற இலவச செஸ் தளத்தில் ஆட்டம் இருக்கிறது, ஆனால் நகர்த்தல்களைக் கணக்கிடும் ஸ்டாக்ஃபிஷ் நிரலை அணைத்துவிடுங்கள். அது விடையை முதலிலேயே காட்டிவிட்டால் நாம் தேடவே மாட்டோம்.

படி 2 (ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு): டி4 டி5, சி4 சி6, குதிரை எஃப்3 குதிரை எஃப்6, குதிரை சி3 இ6, இ3 பி8 குதிரை டி7. இந்தத் தொடக்க வரிசைக்குப் பெயர் செமி-ஸ்லாவ்.

படி 3: நான் பல வாரம் முட்டிக்கொண்டு நின்ற இடம் இது. சி4 சிப்பாயைக் கறுப்பு முன்பே வெட்டியிருக்கலாமே, ஏன் ஆறாவது நகர்த்தல் வரை காத்திருக்கிறது? வெள்ளை பிஷப் டி3-க்கு வரட்டும் என்றுதான். வந்ததும் சி4-ஐ வெட்டுகிறது. திருப்பி வெட்ட அதே பிஷப் மறுபடி நகர வேண்டும். உடனே பி5; பிஷப் டி3-க்கே திரும்புகிறது. வெள்ளையின் வேலை வீண், கறுப்புக்கோ பி7-ல் பிஷப் வைக்க இடம் கிடைத்துவிட்டது. அவசரப்பட்டு வெட்டினால் வெள்ளை பிஷப் ஒரே தாவலில் சி4-ல் உட்காரும். நான் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தேன். இதுதான் மெரான். இத்தாலியின் மெரானோவில் 1924-ல் நடந்த போட்டியால் வந்த பெயர்.

படி 4: அப்புறம் கறுப்பு பிஷப் டி6, இருவரும் காஸ்லிங், ராணி சி2 பிஷப் பி7, ஏ3 யானை சி8, குதிரை ஜி5 சி5. குதிரை எச்7-ஐ வெட்டுகிறது. ஆனந்த் அதைத் தொடவில்லை. எஃப்6 குதிரையால் வெட்டினால் வெள்ளை பிஷப் செக்கோடு எச்7-ல் இறங்கும். அவர் ஆடியது குதிரை ஜி4. பிறகு எஃப்4, டி4-ல் சிப்பாய்கள் வெட்டிக்கொள்கின்றன, பிஷப் சி5, பிஷப் இ2.

இங்கே நிறுத்துங்கள். அடுத்ததைப் பார்க்காமல் பத்து நிமிடம் பலகையையே பாருங்கள்.

விடை: டி7 குதிரை இ5-க்கு! எஃப்4 சிப்பாய் அதை வெட்டினால் ராணி டி4-ஐ வெட்டி செக், ராஜா எச்1, ராணி ஜி1 செக், யானை வெட்ட வேண்டும், குதிரை எஃப்2 மேட். கையால் நகர்த்திப் பாருங்கள், அவ்வளவு அழகு!

பின்சேர்க்கை: ஜி1 ராணியை ராஜாவே வெட்டக்கூடாதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். முடியாது, சி5 பிஷப் காவல் நிற்கிறது. எஃப்2 குதிரையை வெள்ளை ராணியும் வெட்ட முடியாது. சொந்த பிஷப்பே இ2-ல் மறைக்கிறது.

படி 5: ஆரோனியன் ஜி4 குதிரையை வெட்டினார். பிஷப் டி4-ஐ வெட்டி செக், ராஜா எச்1, குதிரை ஜி4-ஐத் திருப்பி வெட்டுகிறது. வெள்ளைக் குதிரை எஃப்8 யானையைத் தின்ன, ஆனந்த் அமைதியாக எஃப்5. குதிரை ஜி6 ராணி எஃப்6, எச்3 ராணி ஜி6-ஐ வெட்டுகிறது, ராணி இ2 ராணி எச்5, ராணி டி3 பிஷப் இ3. வெள்ளை ராணிக்கும் எச்3-க்கும் நடுவே அந்த பிஷப் விழுந்ததும் ஆரோனியன் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.