பழைய ட்ரெஞ்ச் கோட்டில் எதையெதைப் பார்த்து வாங்குவது

பழைய கோட்டுகளைப் பிரித்துத் தைப்பது என் தொழில். பெல்ட் வைத்த நீள மழைக்கோட்டான ட்ரெஞ்ச் கோட் வந்தால் மட்டும், கத்தரியை எடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாங்கப் போகிறவர்களும் அப்படியே பார்க்கலாம்.

முதலில் துணி. வெளிச்சத்தில் பிடித்தால் நெருக்கமான சாய்கோடுகள் தெரிகின்றனவா? அது காபர்டீன். இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக்கில் துணிக்கடை வைத்திருந்த தாமஸ் பர்பெரி 1879-இல் உருவாக்கியது. அதுவரை மழைக்கோட்டு என்றால் பெரும்பாலும் ரப்பர் துணிதான். 1823-இல் சார்லஸ் மெக்கின்டாஷ் காப்புரிமை வாங்கிய அந்தத் துணியில் மழை உள்ளே வராது, வியர்வையும் வெளியே போகாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். பர்பெரி நெய்வதற்கு முன்பே நூலுக்கு நீர் ஒட்டாத பக்குவம் கொடுத்து, பிறகு இறுக்கமாக நெய்தார். மழை வெளியிலேயே நிற்கும், காற்று போய்வரும்.

துணிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக உருண்டால் நல்லது. ஊறினால் பயப்பட வேண்டாம், பக்குவம் தேய்ந்திருக்கிறது, திரும்ப ஏற்றிவிடலாம். காலர் மடிப்பிலும் கைவிளிம்பிலும் நூல் நைந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அப்புறம் தோள். முதல் உலகப் போரின்போது பதுங்குகுழிச் சேற்றில் நீளமான கம்பளிக் கோட்டு நனைந்தால் பாரம் தாங்காது. பிரிட்டிஷ் அதிகாரிகள் உடுப்பைத் தாங்களே வாங்க வேண்டியிருந்ததால், இலேசான இந்தக் கோட்டைத் தேடி வாங்கினார்கள். பதுங்குகுழிக்கு ஆங்கிலத்தில் ட்ரெஞ்ச் என்று பெயர்; அதுவே கோட்டுக்கும் நிலைத்துவிட்டது. தோள்மேல் இருக்கும் துணிப்பட்டை பதவிச் சின்னத்துக்காக. மார்பின் ஒரு பக்கம் மேலே விழும் கூடுதல் துணி, பட்டன் போடும் வாய்வழியாக மழை இறங்காமல் இருக்க.

முதுகின் மேல்பாதியிலும் ஒரு தளர்ந்த துணி உண்டு. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. மழைநீர் அதன் விளிம்பிலிருந்து சொட்டிவிடும், முதுகில் ஊறாது. அதனால் அடி ஓரம் தைக்காமல் விட்டிருக்க வேண்டும். வெறும் அழகுக்காக ஒட்டித் தைத்த கோட்டுகளைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. அதைத் தூக்கிப் பாருங்கள்: வெயில் படாத துணி, கோட்டின் அசல் நிறத்தில் இருக்கும். ஒட்டுப்போட நூல் எடுக்கும்போது நான் வெளிநிறத்தையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுப்பேன்.

பெல்ட்டில் அரைவட்ட உலோக வளையங்கள் இருந்தால், வரைபடப் பை போன்ற சாமான்களை மாட்டிய காலத்தின் மிச்சம் அது. தையல் கெட்டியா என்று இழுத்துப் பாருங்கள்.

சேறு பட்டால் ஈரத்தோடு தேய்க்காதீர்கள், இழைக்குள் ஏறிவிடும். காயவிட்டு மென்மையான பிரஷால் தட்டுங்கள்.

கடைசியாக உட்புறம். ஓரத்தில் வரிசையாகப் பட்டன்கள் இருந்து, அவற்றில் எதுவும் மாட்டியில்லை என்றால், கழற்றக்கூடிய கம்பளி லைனிங் தொலைந்திருக்கிறது. விலை பேசும்போது அதை மறக்காமல் சொல்லுங்கள்.