படத்தைப் பார்த்துவிட்டுப் பொம்மையை வாங்குங்கள்

நாற்பது வயதுக்கு மேல் பொம்மை வாங்க ஆரம்பித்தவன் நான். செங்கோட்டையில் போர்டு எழுதுவது தொழில். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அது பாதித் தொழில்தான். கொல்லத்தில் படிக்கும் என் தங்கச்சி மகள் ஒரு லீவுக்கு வந்தபோது, "மாமா, ஒரு ஃபிகர் வாங்கியிருக்கேன்" என்றாள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். தங்கச்சி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். அப்புறம்தான் பெட்டியைத் திறந்தாள் பிள்ளை. ஒரு சாண் உயரப் பெண் பொம்மை, முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீலப்பச்சை இரட்டைச் சடை. ஹட்சுனே மிக்கு.

மிக்குவுக்கு முதலில் கதை கிடையாது, கார்ட்டூன் கிடையாது. ஜப்பானில் சப்போரோ ஊர்க் கம்பெனி ஒன்று 2007இல் பாட்டுப் பாடும் ஒரு சாஃப்ட்வேர் விற்றது. அதன் அட்டைக்காக கெய் என்ற ஓவியர் வரைந்த படம்தான் அவள். உயரம் 158 செ.மீ. என்று அப்போதே குறித்துவிட்டார்கள். அட்டைப் படத்தில் ஒரே பக்கம்தான் தெரியும். முதுகு எப்படி இருக்கும், சடை பின்னால் எங்கே தொடங்கும் என்பதையெல்லாம் பொம்மை செய்பவன்தான் முடிவு செய்ய வேண்டும். முப்பது வருஷமாகத் தட்டையான சுவரில் நிழல் போட்டு எழுத்தைத் தூக்கிக் காட்டுகிறவனுக்கு இதைவிட ருசியான விஷயம் உண்டா?

சரி, வாங்க நினைப்பவர்களுக்கு வருகிறேன். முதலில் மூலப்படத்தைத் தேடி எடுங்கள். ஜெராக்ஸ் கடையில் கலரில் ஒரு பிரதி போட்டுக்கொள்ளுங்கள். பொம்மை கையில் இருந்தால் மேஜையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படத்தின் கோட்டோடு பொம்மையின் கோடு பொருந்தும்வரை மெதுவாகத் திருப்புங்கள். பெரும்பாலும் உட்கார்ந்து, சில சமயம் தரையோடு தரையாகக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். பொருந்திய இடம்தான் சிற்பி வேலையைத் தொடங்கிய இடம். இப்போது ஒரு விரலால் கால்வட்டம் திருப்புங்கள். இனி தெரிவதெல்லாம் ஓவியர் வரையாதது. பாவாடை மடிப்பு முதுகுப் பக்கம் போகப்போகச் சோம்பிவிடுகிறதா, பிடரியில் முடி ஒட்டவைத்ததுபோல் நிற்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கொடுக்கும் காசு பாதி அந்தப் பக்கத்துக்குத்தான்.

அனிமே, அதாவது ஜப்பான் கார்ட்டூன் ஓவியர்கள் கொஞ்சம் பொய் சொல்வார்கள். நெற்றி முடி மறைக்க வேண்டிய கண்ணை அந்த முடியின் மேலேயே தெரியும்படி வரைவார்கள். பக்கவாட்டு முகத்தில் வாய் கன்னத்துக்கு வந்துவிடும். முடிக்கு எடையே இருக்காது. காகிதத்தில் அது அழகு. உருண்டையாகச் செய்தால் அகப்பட்டுக்கொள்ளும். நல்ல சிற்பிகள் முடிநுனியைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் வார்த்து, உள்ளே கண் மங்கலாகத் தெரியவிடுகிறார்கள். சில பொம்மைகளில் வாயைக் கொஞ்சம் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்திருப்பார்கள். நேர் எதிரே நின்று பார்த்தால் கோணலாகத் தெரியும், படம் வரைந்த கோணத்துக்கு வந்தால் உதடு தானாகச் சிரிக்கும். அது குறையில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் இதைத்தான் பழுது என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன் இன்னொன்று. கம்பெனிகள் முதலில் வண்ணமில்லாத சாம்பல் நிற மாதிரியைக் காட்டும், பிறகு வண்ணம் பூசியதை. நான் சாம்பல் நிறப் படத்தைத்தான் அதிக நேரம் பார்ப்பேன். வண்ணம் எந்தக் குறையையும் மூடும். சொல்வது ஒரு பெயிண்டர், நம்பலாம். வண்ணம் பூசிய மாதிரி ஒருவர் கையால் பார்த்துப் பார்த்துச் செய்தது. நம் வீட்டுக்கு வருவது, அச்சுத்தகட்டால் மறைத்து ஸ்ப்ரே அடித்து, கண்ணை சிலிக்கோன் முத்திரையால் ஒற்றி எடுத்தது. ஆகவே வாங்கியவர்கள் வீட்டில் எடுத்த போட்டோக்களையும் தேடுங்கள். முன்பதிவு செய்தால் ஒரு வருஷம்கூடக் காத்திருக்க வேண்டும். அதில் அவசரப்பட்டு நான் ஆன்லைனில் பாதி விலைக்கு ஒன்று வாங்கினேன். பெட்டியைத் திறந்ததும் பெட்ரோல் பங்க் வாசம். தோல் எண்ணெய் தடவியதுபோலப் பளபளத்தது. ஒரு கண் ஆரியங்காவைப் பார்த்தது, இன்னொன்று குற்றாலத்தை. போலி.

அளவு சுலபம். 1/8 என்றால் அசல் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு; 158 செ.மீ. பெண் 20 செ.மீ. ஆவாள், 1/7 என்றால் இருபத்திரண்டரை. ஆனால் பறக்கும் சடைக்கும் அடித்தட்டுக்கும் சேர்த்து அலமாரியை அளக்க வேண்டும். நான் அளக்கவில்லை, கண்ணாடிக் கதவை மூட முடியவில்லை. கையில் காசு குறைவென்றால் ஜப்பானில் காசு போட்டுக் கொக்கியால் தூக்கி எடுக்கும் க்ரேன் மிஷினில் பரிசாகக் கொடுக்கும் பொம்மைகளில் தொடங்குங்கள். வண்ணம் சுமார்தான், ஆனால் அசல். பத்து செ.மீ. உயரத்தில் பெரிய தலையோடு வரும் நெண்டோராய்டு வகை தனி ருசி. படத்தோடு ஒப்பிடும் விளையாட்டு அதில் இல்லை என்பதால் எனக்கு ஆர்வமில்லை.

இனி பராமரிப்பு. கணவாய் வழியாகக் காற்று வரும் ஊர் எங்களுடையது. ஆனி, ஆடியில் சாரல் அடித்தால் உப்பு டப்பாவே கரையும். இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் பிவிசி பிளாஸ்டிக். அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய், பெட்டியிலேயே அடைத்து வைத்தால் வெளியே கசிந்து பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். என் மிக்கு ஒட்டியபோது, கைப்பழக்கத்தில் தின்னர் தொட்டுத் துடைத்துவிட்டேன். கன்னச் சிவப்பு போயே போய்விட்டது. தங்கச்சி மகள் இரண்டு நாள் பேசவில்லை. தின்னர், டர்பன்டைன், ஸ்பிரிட் எதுவும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெத்தென்ற பிரஷ், அப்புறம் நிழலில் உலர்த்தல், அவ்வளவுதான். அலமாரியில் செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போடுங்கள். அவ்வப்போது கதவைத் திறந்து காற்றாட விடுங்கள்.

சித்திரை வெயிலில் வேறு ஆபத்து. தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் கணுக்கால் இளகி, பொம்மை முன்னால் சாயும். சாய்ந்த காலை மட்டும் வெந்நீரில் கொஞ்ச நேரம் பிடித்து, நிமிர்த்தி, அசையாமல் குளிர்ந்த தண்ணீரில் முக்கினால் நிற்கும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். ஜன்னல் வெயில் நேராகப் பட்டால் வெளுக்கும். அதற்கு வைத்தியம் இல்லை.

போன நவராத்திரிக்கு எதிர்வீட்டு மாமி மிக்குவைக் கொலுவுக்கு இரவல் கேட்டார். செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில், கீழ்ப்படியில் வைத்திருந்தார். மேலிருந்து பார்த்தால் நெற்றி முடி கண்ணை மறைத்துவிடுகிறது. வந்தவர்களுக்கு சடை மட்டும்தான் தெரிந்தது. நாலாவது படிக்கு மாற்றி, பாயில் உட்காருகிறவர் கண்ணுக்கு நேராக, அந்த அட்டைப்படக் கோணத்தில் லேசாகத் திருப்பி வைத்தேன். நீங்களும் கொலுவில் வைத்தால் அந்த உயரத்திலேயே வையுங்கள். சுண்டல் கையோடு வரும் பிள்ளைகளுக்கும் எட்டாது.