ஏஞ்சல் மீனுக்குத் தோதான கூட்டாளிகள்

அல்சூரில் எங்கள் வீட்டு மூன்றடித் தொட்டியில் ஏஞ்சல் மீனின் கீழ்த் துடுப்புகள் நூல் நூலாகப் பிய்ந்து தொங்கின. பஞ்சு மாதிரி எதுவும் படியவில்லை, ஆகவே பூஞ்சை இல்லை. அறை விளக்கை அணைத்துவிட்டு ஓரமாக நின்று பார்த்தேன். மச்சான் ஆசையாக வாங்கிக் கொடுத்த இரண்டு டைகர் பார்ப்களும் மாறி மாறி வந்து துடுப்பைக் கடித்துக்கொண்டிருந்தன. கூட்டமாக வாழும் மீன் அது. ஏழெட்டு சேர்ந்திருந்தால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். ஆனாலும் நீளத் துடுப்புள்ள மீனோடு அதை விடவே கூடாது என்பேன்.

பார்ப் கூட்டம் வளர்க்கும் நண்பரிடம் அவற்றைக் கொடுத்தேன். மருந்தே போடவில்லை, வாராவாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றியதிலேயே துடுப்பு வளர்ந்துவிட்டது.

புது மீனுக்கு முதலில் தண்ணீரைத்தான் பார்த்தேன். எங்களுக்கு போர்வெல் தண்ணீர், பாத்திர அடியில் வெள்ளையாக உப்புப் படியும். பிளாட்டி, மோலிக்கு இந்தக் கடினநீர் நன்றாக ஒத்துக்கொள்ளும். கடைக்காரர் காட்டிய நியான் டெட்ரா அழகுதான். ஆனால் அது மென்னீர் மீன். போதாததற்கு, வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்குள் முழுசாக அடங்கும் அளவுதான். வேண்டாம் என்றுவிட்டேன். பிளாட்டி வாங்கினேன், ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்ற கணக்கில். இல்லாவிட்டால் ஆண்களின் துரத்தலில் பெண் மீன் களைத்துப்போகும்.

இரண்டு வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்தேன். பிறகு பெரிய தொட்டியின் கற்களை இடம் மாற்றிவிட்டே உள்ளே விட்டேன், ஏஞ்சல் தன் மூலை என்று உரிமை கொண்டாடி விரட்டாமலிருக்க.