வாவியின் இரு கரை: பிரதேச இடைவெளியை அளப்பது எப்படி?

மட்டக்களப்பு மாவட்டத்தின் சராசரி வருமானம் என்று வரும் எண்ணில் எழுவான்கரைக் (வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கம்) கடைக்காரரும் இல்லை, படுவான்கரைக் (வாவிக்கு மேற்கே, வயற்பக்கம்) கூலியாளும் இல்லை. அம்பாறையிலும் அப்படித்தான்: கல்முனை, திருக்கோவில், உகன மூன்றும் ஒரே மாவட்டம். இடைவெளி தெரியவேண்டுமானால் மாவட்டத்தை விட்டு அதற்குள் இருக்கும் நிர்வாக அலகான பிரதேச செயலகப் பிரிவுக்கு இறங்க வேண்டும். மட்டக்களப்பில் 14, அம்பாறையில் 20 பிரிவுகள்.

இறங்கியதும் தரவு மெலிந்துவிடும். மத்திய வங்கி வெளியிடும் பிராந்திய உற்பத்திக் கணக்கு மாகாணத்தோடு நின்றுவிடுகிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 வீட்டு வருமான செலவின ஆய்வு நாடு முழுவதற்கும் எடுத்தது சுமார் 25,000 வீடுகள். 330க்கு மேற்பட்ட பிரிவுகளுக்குப் பங்கிட்டால் ஒரு பிரிவுக்குச் சுமார் 75 வீடுதான் வரும். அதை வைத்து வவுணதீவையும் காத்தான்குடியையும் ஒப்பிடுவது பிழை. அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) பெறுவோர் வீதத்தை வறுமை வீதமாக எழுதுவதும் பிழை. விண்ணப்பிக்காதவர்களும் தவறாக விடுபட்டவர்களும் அதில் இல்லை.

ஆகவே சிறிய ஆய்வொன்றை நீங்களே செய்யுங்கள். ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கு, அதன் உட்பிரிவுகளான கிராம சேவகர் பிரிவுகள் 10ஐக் குடும்பத் தொகைக்கு ஏற்ற வாய்ப்போடு குலுக்கி எடுங்கள். ஒவ்வொன்றிலும் 15 வீடு, மொத்தம் 150. வீதியோர வீடுகளாகவே பொறுக்கினால் வறுமை குறைவாகத் தெரியும். வருமானத்தைக் கேட்பதைவிடச் செலவைக் கேட்பது நல்லது: உணவுக்குக் கடந்த 7 நாள், மற்றவற்றுக்கு 30 நாள். சொந்த வயல் நெல்லைக் குற்றிச் சாப்பிடும் வீட்டில் அந்த அரிசிக்கும் ஊர் விலை போட்டுச் சேருங்கள். விட்டால் விவசாயி கூலியாளைவிட ஏழையாகத் தெரிவார். பெரும்போக வெட்டு முடிந்த மார்ச்சில் ஒரு தடவை, விதைப்புக்குக் காசு இறங்கும் ஒக்டோபர், நவம்பரில் இன்னொரு தடவை. ஒரு தடவை மட்டும் போனால் நீங்கள் அளப்பது பருவத்தை.

அதிகம் சறுக்குவது நெல்லில். வயல் படுவான்கரையில் இருக்கும், வயல்காரர் எழுவான்கரையில் இருப்பார். விளைச்சலை வயல் இருக்கும் பிரிவுக்கு எழுதினால் அது உற்பத்தி. அந்த இலாபத்தை உடைமையாளர் வசிக்கும் பிரிவுக்கு எழுதினால் அது வருமானம். இரண்டுக்கும் தனித்தனி நிரல் போடுங்கள். மூடைக் கணக்கு சொன்னால் ஒரு மூடையின் நிறையையும் கேளுங்கள், அது இடத்துக்கிடம் மாறும். நெல்லில் ஒரு புசல் என்றால் 20.86 கிலோ.

இனி இடைவெளி. பிரிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் வில்லியம்சன் சுட்டெண் இதற்குப் போதும். ஒரு கற்பனை உதாரணம்: மூன்று பிரிவுகள், சனத்தொகை 90,000, 30,000, 30,000, தலா மாதச் செலவு ரூபா 20,000, 12,000, 10,000. சனத்தொகையால் நிறையிட்ட சராசரி 16,400. ஒவ்வொரு பிரிவின் வித்தியாசத்தையும் (3,600, 4,400, 6,400) வர்க்கப்படுத்தி, சனத்தொகைப் பங்கால் (0.6, 0.2, 0.2) பெருக்கிக் கூட்டினால் 1 கோடி 98 இலட்சத்து 40 ஆயிரம். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4,454. அதைச் சராசரியால் வகுத்தால் 0.27. சனத்தொகையை மறந்து மூன்றையும் சமமாக எடுத்தால் 0.31 வரும், இடைவெளி ஊதிப்போகும். பூச்சியம் என்றால் இடைவெளி இல்லை. ஒரே முறையில் இரண்டு ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால்தான் அது கூடுகிறதா குறைகிறதா என்று சொல்லலாம். அதுவும் இரண்டாம் ஆண்டுச் செலவை விலைவாசிக்கேற்பத் திருத்திய பிறகு.

இடைவெளியோடு ஒவ்வொரு பிரிவின் போட்டித்திறனையும் (முன்னேற அதற்குள்ள வசதியையும் வலுவையும்) அளக்கப் பல குறிகாட்டிகள் வேண்டும்: சாதாரண தரச் சித்தி வீதம், நெல் விளைச்சல், வங்கி, வைத்தியசாலை, சந்தை. ஒவ்வொன்றையும் 0 முதல் 100 வரை மாற்றுங்கள்: பிரிவின் எண்ணிலிருந்து ஆகக் குறைந்ததைக் கழித்து, கூடியதற்கும் குறைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து நூறால் பெருக்குவது. பயண நேரம் போலக் குறைந்தால் நல்லது என்பவற்றில், இப்படி வரும் எண்ணை 100இலிருந்து கழியுங்கள். மட்டக்களப்பு நகரம் உள்ள மண்முனை வடக்கு வங்கிக் கிளைகளில் மிக உயரத்தில் நிற்கும். மற்றப் பிரிவுகளெல்லாம் அடியில் ஒட்டிக்கொள்ளும். அப்போது தரவரிசையைப் பயன்படுத்துங்கள்.

கிளை எண்ணிக்கையைவிடப் போய்ச்சேரும் நேரமே உண்மையைச் சொல்லும். ஆரையம்பதியார் காத்தான்குடி வங்கிக்குப் போவதை எண்ணிக்கை காட்டாது. தூரத்தை வரைபடத்தில் நேர்கோடாக அளக்காதீர்கள்: மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே வாவி கிடக்கிறது, பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவை) ஏறித்தான் கடக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து நிமிடத்தில் எழுதுங்கள். கோடைக்கு ஒன்று, மாரி வெள்ளத்துக்கு ஒன்று என இரண்டு நிரலாக.